பச்சைப் புள்ளியும் பிரமசரிய அணுவிரதமும்



ஆண்மைக்குரிய இயக்குநீராகிய டெஸ்டோஸ்டிரோனை 'இயற்கை முறையில்' பெருக்கித் தரும் என்று சொல்லி விற்கப்படும் குளிகைகளும் லேகியங்களும் இன்று தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி என எவ்வூர் மருந்துக் கடையிலும் கிடைக்கின்றன. உடற்பயிற்சிக் கூடம் செல்லும் இளைஞரும், ஐம்பதைக் கடந்து உடல் தளர்ச்சி உணரும் இல்லறத்தாரும் இவற்றை வாங்குகின்றனர். "மூலிகைதானே, பச்சைப் புள்ளியும் இருக்கிறதே, நாம் உட்கொள்ளலாமா?" என்னும் வினா நம் இளைஞர் சிலரிடமிருந்து நமக்கு வந்தது. இதழில் எழுதத் தகாத பொருள் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி ஆசாரியர் சுளிக்கவில்லை. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள பெயர்களைப் பார்ப்போம். பெரும்பாலானவற்றில் நெருஞ்சில் தவறாமல் இடம்பெறும். காவிரிப் படுகையில் வரப்போரத்தும் தரிசிலும் படர்ந்து வெறுங்காலைப் பதம் பார்க்கும் அதே நெருஞ்சில்தான். நம் சமயத்தவராகிய காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலத்துக்குப் பெயர் தந்த ஐந்து வேர்களில் இதன் வேரும் ஒன்று. கண்டங்கத்தரி, சிறுமல்லி, பெருமல்லி, சிறுவழுதுணை ஆகியன மற்றைய நான்கு. உடல் நோய்க்கு ஐந்து வேர் போல உள நோய்க்கு ஒரு பாட்டில் ஐந்து கருத்து என்பதே அந்நூலின் அமைப்பு என்று வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறோம். அந்நெருஞ்சில் 1980களில் பல்கேரிய நாட்டுப் பளுதூக்கும் வீரரோடு இணைத்துப் பேசப்பட்டு உலகச் சந்தைக்குச் சென்று, புதிய புகழோடு நம்மூருக்கே திரும்பியிருக்கிறது. ஆயினும் நலமுடைய ஆடவர்க்குக் கொடுத்துச் சோதித்தபோது அது டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

அமுக்கராக் கிழங்கின் நிலை சற்று வேறு. சில ஆய்வுகளில் சிறிதளவு உயர்வு காணப்பட்டது உண்மையே. ஆனால் அவை சில பத்துப் பேரிடம் சில வாரங்களே நடந்தவை. அதே கிழங்கால் கல்லீரல் பாதிக்கப்பட்டோர் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் உள்ளன. டென்மார்க் அரசு 2023இல் அதனைத் தடை செய்தது. வெந்தயச் சாற்றின் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. துத்தநாகம், அச்சத்துக் குறைந்தவர்க்கே பயன்படும். பூனைக்காலி விதையில் உள்ள லெவோடோபா, நடுக்குவாத நோய்க்கு மருத்துவர் கொடுக்கும் அதே மருந்துப் பொருள். ஆதலால் மூலிகை என்றாலே தீங்கற்றது என எண்ணுவது பெரும் பிழை.

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832) தன்வந்திரி மகாலில் பல மருத்துவ முறைகளைச் சார்ந்த வைத்தியர்களை அமர்த்தினார். அங்குத் தொகுக்கப்பெற்ற முறைகளைச் சரசுவதி மகால் நூலகம் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற வரிசையில் அச்சிட்டுள்ளது. அத்தகைய பழைய ஏடுகளில் இன்ன சரக்கு இவ்வளவு எடை என்று எழுதுவது மரபு. இன்றைய பெட்டிகள் பலவற்றிலோ, பத்துச் சரக்கின் பெயரை அடுக்கி, 'தனியுரிமைக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் குறித்து நிறுத்திவிடுகின்றனர். எது எவ்வளவு என்று அறியாமல் எதனை மதிப்பிடுவது?

இனி நமக்கே உரிய ஆய்வு ஒன்று உண்டு. கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீக்குதலை இல்லறத்தாரின் மூல குணங்களுள் வைத்தார் சமந்தபத்திர ஆசாரியர். அவர்தம் இரத்தின கரண்டகத்தின் தமிழ் வடிவாகிய அருங்கலச்செப்பைப் பயின்றோர் இதனை அறிவர். அமுக்கராக் கிழங்கு அரிஷ்டமாக வரும்போது நொதித்தலால் தானே விளைந்த சாராயம் அதில் இருக்கும். லேகியமாக வரும்போது தேன் சேரும். குளிகையாக வரும்போது அதன் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாடு, பன்றி ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. ஒரே கிழங்கு மூன்று வேடத்தில் மூன்று விலக்கையும் மீறி வீட்டுக்குள் நுழைய இயலும்! உடன் சேர்க்கப்படும் வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு மயிரின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது.

பச்சைப் புள்ளி இருக்கிறதே எனலாம். நம் நாட்டு உணவுச் சட்ட விதிகள் அசைவ உணவை வரையறுக்கும்போது பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றை விலக்கிவிட்டன. ஆகவே தேன் கலந்த பண்டமும், அரக்குப் பூச்சியின் சுரப்பால் மெருகிட்ட மாத்திரையும் முறைப்படியே பச்சைப் புள்ளி பெறும். சட்டம் பொதுமக்களுக்காக எழுதப்பட்டது, சிராவகர்க்காக அன்று. மேலும் அக்குறி உணவுக்கே உரியது. ஆயுர்வேத, சித்த மருந்தாகப் பதிவு பெற்றவை 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்கீழ் வருவன. அவற்றில் குறி இல்லாமையாலும் நாம் எதையும் முடிவு செய்ய இயலாது. மரநாரால் ஆன செல்லுலோஸ் கூடுகள் கிடைக்கின்றன. உற்பத்தியாளருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேட்டால் பெரும்பாலும் விடை வரும்.

பட்டியலில் அச்சிடாத பொருளும் உண்டு. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கலப்படம் எனக் கண்டறிந்த 776 துணை உணவுப் பண்டங்களுள் 353 பாலுணர்வுத் தூண்டலுக்கென விற்கப்பட்டவை. சில்டெனாஃபில் போன்ற இரசாயன மருந்துகள் அவற்றில் மறைத்துச் சேர்க்கப்பட்டிருந்தன. இதய நோய்க்கு நைட்ரேட் மருந்து உண்பவர் இதனை அறியாமல் உட்கொண்டால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே இடர் நேரும். "மூலிகை உடனே வேலை செய்கிறது" என்று எவரேனும் வியந்தால், ஐயுற வேண்டிய இடம் அதுவே. நம் நாட்டிலும் இன்ப ஆற்றலைப் பெருக்கும் என விளம்பரம் செய்தலை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சுவர்களையும் நாளேடுகளையும் பார்த்தால் அச்சட்டம் உறங்குவதாகவே தோன்றுகிறது.

ஊன் கலவா மருந்து இயலாது என்று கூறுவோர் உளர். சரகர் தம் நூலின் வாஜீகரணப் பகுதியில் சிட்டுக்குருவி ஊனையும் பறவை முட்டைகளையும் சேர்த்தது உண்மை. தமிழ்நாட்டில் சிட்டுக்குருவி லேகியம் என்ற பெயர் இன்றும் நகைப்புக்குரியதாய் வழங்குகிறது. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தர் என்னும் சமண முனிவர் கள், ஊன், தேன் மூன்றையும் நீக்கியே 'கல்யாண காரகம்' என்னும் முழு மருத்துவ நூலை இயற்றினார். மருந்தென்ற பெயரிலும் ஊன் வேண்டா என்று நிருபதுங்க மன்னரின் அவையில் வாதிட்டவர் அவர். ஆகவே தூய மருந்து இயலும்.

இயலும் என்றால் உண்ணலாமா? கூடு செல்லுலோஸ், தேன் இல்லை, கலப்படம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உமாசுவாமி ஆசாரியர் ஏழாம் அத்தியாயத்தில் பிரமசரியத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளைக் கூறுமிடத்தில், விருஷ்யமாகிய உணவை, அதாவது காமத்தைக் கிளர்த்தும் உணவை, விடுதல் என்று ஒன்றை வைத்தார். அவ்வத்தியாயத்திலேயே இல்லறத்தாரின் அணுவிரதத்துக்கு நேரும் அதிசாரங்களுள் காமத்தில் மிகுதியாய் வேட்கை கொள்ளுதலையும் சேர்த்தார். இல்லறத்தானுக்குத் தன் மனையாளிடம் நிறைவு கொள்ளுதலே விரதம். இன்பமே கூடாது என்பதன்று. அங்ஙனமாயின் விலக்கப்பட்டது எது? உள்ளதைக் கொண்டு அமையாமல், இல்லாத பசியைக் காசு கொடுத்து வளர்ப்பது என்றே நாம் கொள்கிறோம்.

நோயுற்றவர் நிலை வேறு. நாற்பதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு இவ்வியக்குநீர் குறைவது முதுமையின் இயல்பு. அதனை நோய் என்று அஞ்ச வைத்துப் பொருள் விற்பது, அஞ்சுவோன் மனத்தைப் புண்படுத்தும் இம்சையாகவே நமக்குப் படுகிறது. மாறாக, விரைக் குறைபாடோ, மூளைச் சுரப்பியின் குறைபாடோ, நீரிழிவோ காரணமாக உண்மையிலேயே குன்றியவரும் உளர். காலை வேளையில் இருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனை அதனைக் காட்டும். அவர் மருத்துவரிடம் செல்வதில் விரதக் கேடு எதுவுமில்லை, வெட்கமும் வேண்டா. துணைவியார் இதனை உணர்ந்து உடன் செல்வாராயின் இன்னும் நன்று. வெட்கத்தால் மருத்துவரைத் தவிர்த்த ஆடவனே பெயரறியாக் குளிகைக்கு இரையாகிறான்.

ஒன்று எஞ்சுகிறது. கிழங்கு விலக்கு விரதம் பூண்ட ஒருவர்க்கு நோயின்பொருட்டு அமுக்கரா விதிக்கப்பட்டால் என் செய்வது? உலர்ந்த சுக்கையும் மஞ்சளையும் கொள்வோர் நம்முள் பலர். உலர்ந்த அமுக்கராவும் அவ்வகையே என்பர் சிலர். விரதம் கொடுத்த முனிவரிடமே கேட்டுத் தெளிதல் தகும். அதற்கு முன், கிழங்கல்லாத மாற்று மருந்து உண்டா என்று வைத்தியரிடமும் கேட்டுப் பாருங்கள். இவ்விரு வினாக்களையும் தசலட்சணப் பருவத்தின் பத்தாம் நாளாகிய உத்தம பிரமசரிய நாளில் விரதம் ஏற்க எண்ணுவோர், அந்நாள் வருமுன்னரே கேட்டுவிடுதல் நலம்.