ஓலை காட்டும் முன் கடன் உண்டா?

உளுந்தூர்பேட்டை வட்டத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரரை, முதிய அந்தணராய் மணப்பந்தலுக்கு வந்த சிவபெருமான் தம் வழிவழி அடிமை என்று உரிமை கொண்டாடியதைப் பெரியபுராணம் கூறுகிறது. பெரும்பாலும் பக்திக் கதையாகவே படிக்கப்படும் இப்பகுதியில், அறிவிக்கப்படாத கடன் ஒருவரைக் கட்டுப்படுத்துமா என்னும் அறவினாவும் அடங்கியுள்ளது. அவர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிய, கிழிந்தது படியோலையே என்ற முதியவர் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டுசென்றார். அவையத்தார் அவரது முதுமைக்கு இணங்கிவிடாமல், ஆட்சி எனப்படும் நெடுநாள் வழக்கம், ஆவணம், அயலார் சாட்சி ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டனர். மூல ஓலையில் இருந்த சுந்தரருடைய பாட்டனாரின் எழுத்தை, காப்பிலிருந்த அவரது வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். கடன் பாட்டனார் காலத்ததே ஆயினும், அதைக் கேட்கும் உரிமை மறுப்புக்கு இடந்தந்த பிறகே முழுமை பெற்றது. கேட்டவர் கடவுள் என்பதற்காகச் சலுகை ஏதும் இல்லை.

இதே வினா வரிவிதிப்பிலும் எழுகிறது. உளுந்தூர்பேட்டை 2021-இல் நகராட்சியானது. 2022-இல் மாநிலமெங்கும் சொத்து வரி சீராய்வு செய்யப்பட்டபோது, நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 விழுக்காடும், அதற்கு மேல் 1200 வரை 50 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டது. சாலையும் வடிகாலும் மனையின் மதிப்பை உயர்த்துவதால் உரிமையாளர் ஊருக்குக் கடன்படுகிறார் என்பது இவ்வகை வரிக்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் 590 சதுர அடி வீடு பதிவேட்டில் 610 என்று ஏறிவிட்டால், அப்பிழையை முதலில் காணக்கூடியவர் அந்த வீட்டுக்காரரே. ஆகவே வரிவிதிப்பு அறிவிப்பு தொகையைத் தெரிவிக்கும் தாள் மட்டுமன்று, கணக்கைச் சரிபார்க்க அவரை அழைப்பதும் ஆகும். வெளியிடப்படாத சட்டம் எவரையும் கட்டுப்படுத்தாது என்று ஹர்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951-இல் கூறியதும், அதனால் ஜெய்ப்பூர் அமைச்சரவை 1923-இல் தனக்குள் நிறைவேற்றிக்கொண்ட அபினிச் சட்டம் செல்லாமற்போனதும் இதே நியாயத்தின்பாற்பட்டவை.

சிக்கல் பூட்டிய வீட்டில்தான் எழுகிறது. உரிமையாளர் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, கதவில் ஒட்டிய தாளைக் கொண்டே அவருக்கு அறிவித்ததாகச் சட்டம் கருதிக்கொள்கிறது. நிர்வாகம் நடக்க இக்கற்பிதம் தேவைதான். எனினும் அது வரி கேட்கும் வசதிக்கு மட்டுமே செல்ல வேண்டும். ஆட்சேபணைக்கான கெடுவை, அவர் உண்மையில் அறிந்த நாளிலிருந்து எண்ணுவதே முறை.