பேராயரின் கையில் செங்கோல்

சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லிக்கு வந்து, மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் போரூரைத் தாண்டினால் பரங்கிமலை. மலைமேல் உள்ள மாதா கோயில் பலிபீடத்தில் ஒரு கற்சிலுவையைப் பதித்திருக்கிறார்கள். 1547இல் போர்த்துகீசியர் அங்கே கோயில் கட்ட அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. அதன் ஓரத்தில் பகலவி எழுத்து ஓடுகிறது. அவர்கள் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாரசீகத் திருச்சபையின் உறவோடு கிறிஸ்தவம் இங்கே வேர்விட்டிருந்தது.

அதே உறவில் வாழ்ந்த கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களை, கோவா பேராயர் அலெய்சோ டி மெனேசிஸ் 1599 ஜூனில் உதயம்பேரூரில் மாமன்றமாகக் கூட்டினார். இடைக்கால ஐரோப்பாவில் ஆயரே நாட்டை ஆண்ட பகுதிகள் உண்டு. மெனேசிசும் 1607 முதல் 1609 வரை பேராயராக இருந்துகொண்டே போர்த்துகீசிய இந்தியாவின் ஆளுநராகவும் இருந்தார். உதயம்பேரூரில் அந்தப் பதவி இன்னும் வரவில்லை; ஆனாலும் போர்த்துகீசிய அரசின் பலம் அவருக்குப் பின்னால் நின்றது. மாமன்றம் கூடுவதற்கு முன்பே பலருக்குக் குருப்பட்டம் கொடுத்து, தம் பக்கத்தைப் பலப்படுத்திக்கொண்டார். மணமான குருக்கள் மனைவியரைப் பிரிய வேண்டும் என்று தீர்மானமானது. தவறு என்று முடிவுகட்டிய சுரியானி ஏடுகள் நெருப்புக்குப் போயின.

மெனேசிஸ் கொடியவர் அல்லர். கோவாவில் ஆதரவற்ற பெண்களுக்கு இல்லங்கள் அமைத்தவர். ஆன்மாக்களைக் கரையேற்றுகிறோம் என்று மனதார நம்பினார். செல்வாக்கு இல்லாமல் அந்த இல்லங்கள் எழுந்திருக்குமா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அநாதைக்குக் கூரை போட அதிகாரம் உதவுவது வேறு, வழிபடுகிறவரின் நெஞ்சுக்குள் அது நுழைவது வேறு. மறுத்தால் என்ன நேருமோ என்று அஞ்சித் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எப்படி ஏற்பது? ஞானத்தந்தையிடம் மனம்விட்டு மறுத்துப் பேசலாம். அவரே ஆட்சியின் ஆளாகவும் வந்து நின்றால் அந்த வாய்ப்பு அடைபடுகிறது. இங்கேதான் மெனேசிஸ் செய்தது பெரும் அநியாயம்.

அன்று பணிந்த சமூகம் 54 ஆண்டுகள் கழித்து, 1653இல், மட்டாஞ்சேரியில் திரண்டது. மாமன்றத்துக்குப் பின் தங்கள்மேல் அமர்த்தப்பட்ட இயேசு சபை ஆயர்களுக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தது. கூனன் குருசு சத்தியம் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். பணிவு அதோடு விலகியது. எரிந்த ஏடுகள் திரும்பவில்லை. அவற்றில் இருந்தது பிழையா, பழைய வழக்கமா என்று ஒப்புநோக்க இன்று வழியில்லை. மெனேசிஸ் சொன்னதே சரி என்று வாதாட விரும்புகிறவருக்கும் அந்தச் சான்று கிடைக்காது.