ஒரே பாடம், இரண்டு வரலாறு

அமெரிக்க அரசியல் சாசனத்தோடு 1791-இல் சேர்க்கப்பட்ட உரிமை மசோதா யாருக்கு உரிமை தந்தது? டெரி எப்ஸ்டீன் என்ற கல்வி ஆய்வாளர் மிச்சிகன் மாநிலப் பள்ளி மாணவர்களிடம் பேசியபோது, வெள்ளையினப் பிள்ளைகளில் பலர் ‘எல்லா அமெரிக்கருக்கும்’ என்றார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலர் ‘வெள்ளையருக்கு’ என்றார்கள். இத்தனைக்கும் இரு தரப்பும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள்தான். ஓராண்டுப் பாடம் முடிந்த பிறகும் அந்த இடைவெளி பெரிதாகக் குறையவில்லை. இதை அவர் 2009-இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

கறுப்பினப் பிள்ளைகளின் பதிலைக் கசப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அடிமை முறை நாடு முழுவதும் ஒழிந்தது 1865-இல். அந்த மசோதா வந்து 74 ஆண்டுகள் கழித்து! தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை நடைமுறைக்கு வர 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. வாக்குச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தாத்தா, பாட்டிகள் பல வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் வாயால் கேட்டதைப் பாடப்புத்தகத்தைவிட அந்தப் பிள்ளைகள் நம்பியதில் என்ன பிழை?

வெள்ளையினப் பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை. பாடப்புத்தகம் சொன்ன முன்னேற்றக் கதையோடு மோதும் எதையும் அவர்கள் வீட்டில் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான், பதில்களுக்கு மதிப்பெண் போடும் முன், ‘இதை உனக்கு யார் சொன்னார்கள்?’ என்று வரலாற்று ஆசிரியர் இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறேன். பாட்டி சொன்னதையும் புத்தகம் சொன்னதையும் 1791-இன் சட்ட வாசகத்தோடு வைத்துப் பார்க்க, ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும்.