சம்பளம் பார்த்து ஏற்கப்படும் திருமணம்

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆனால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலம் ஏராளம். மழை பொய்த்தால் வருமானமும் போச்சு. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் இங்கிருந்து ஆள் போவது அதனால்தான். போகிறவரின் திருமணத்தில் சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்து, சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்ற சான்றொப்பம் வாங்கிவிட்டால் அது சிங்கப்பூரிலும் செல்லும். தாள் செல்லும், அதில் பெயருள்ள மனைவி போக முடியாது. ஒர்க் பெர்மிட்டில் கட்டட வேலைக்குப் போனவர் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. கூடுதல் திறன் வேலைக்கான எஸ் பாஸோ எம்ப்ளாய்மென்ட் பாஸோ இருந்து, மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலராகவும் இருந்தால்தான் அழைக்கலாம். அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். ஒருவர் தன் மனைவியோடு வாழலாமா என்பதைச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தீர்மானிப்பது அநீதி.

கடல் கடந்த தமிழர்களின் திருமணத்துக்கு இப்படித் தடை வருவது புதிதல்ல. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணத்தைக் காட்டி மனைவியை நாட்டுக்குள் அழைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். இந்து, முஸ்லிம் மனைவியரின் நிலை கேள்விக்குறியானது. அங்கே இந்தியர்கள் நடத்திவந்த சத்தியாகிரகத்தில் அதுவரை இறங்காத பெண்கள் சிறை புகுந்தார்கள்; அவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். சிறையில் நோயுற்று வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அத்தகைய திருமணத்தில் ஒரு மனைவியை ஏற்றுக்கொண்டது. மதத்தைப் பார்த்து மறுத்தது தவறு என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. சம்பளத்தைப் பார்த்து மறுப்பதை மட்டும் வெறும் நிர்வாக விதி என்று கடந்துவிடுகிறோம்.

நிபந்தனை தெரிந்துதானே கையெழுத்துப் போட்டார் என்று கேட்பார்கள். ஏஜென்டுக்குக் கட்டக் கடன் வாங்கி, ஊரில் வேறு பிழைப்பில்லாமல் போட்ட கையெழுத்து அது. அதைக் கொண்டு மனைவியின், குழந்தையின் உரிமையையும் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது. அவர்கள் எதிலும் கையெழுத்திடவில்லை. இரண்டாவது வாதம் கனமானது: சிறிய நாடு, வருகிற எல்லோருக்கும் வீடும் பள்ளியும் எப்படித் தருவது, இவர்கள் தற்காலிகமாக வந்தவர்கள்தானே என்பது. ஓராண்டு, ஈராண்டு வேலைக்கு வந்தவரைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். ஆனால் 2025 ஜூலை 1 முதல் ஒர்க் பெர்மிட்காரர் இத்தனை ஆண்டுதான் வேலை பார்க்கலாம் என்ற உச்சவரம்பைச் சிங்கப்பூரே எடுத்துவிட்டது. வயது வரம்பையும் 63 ஆக்கிவிட்டது. 63 வயது வரை உழைக்கலாம் என்று சொல்லிவிட்டு, பிரிவு மட்டும் தற்காலிகம் என்பது எப்படிப் பொருந்தும்? வந்த அன்றே குடும்பத்தை அழைக்கும் உரிமை வேண்டும் என்பதல்ல வாதம். சில ஆண்டுகள் உழைத்த பிறகாவது, சம்பளம் எதுவானாலும், சேர்ந்து வாழ வழி வேண்டும்.

குற்றம் அந்த நாடுகள் மீது மட்டும் இல்லை. புலம்பெயர் தொழிலாளர்களின் குடும்பம் ஒன்றுசேர அரசுகள் உதவ வேண்டும் என்று சொல்லும் 1990ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையைச் சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. இலங்கை 1996இலேயே ஏற்றது. இந்தியா சிங்கப்பூரோடு 2005இல் செய்த பொருளாதார உடன்பாடு இருக்கிறது. பேச மேசை இல்லை என்று டெல்லி சொல்ல முடியாது. அதற்கு முன்பாக, அந்த ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட வேண்டும். இந்த மாவட்டங்களின் மக்கள் வாக்களிக்கும் பெரம்பலூர், சிதம்பரம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை அவையில் கேட்க வேண்டும்.