போர்க்களத்தைக் காணும் முறை

கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் கெடில ஆற்றங்கரையில் சிதைந்து நிற்கும் புனித டேவிட் கோட்டை, 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையை அயர் கூட்டின் ஆங்கிலப் படை வென்ற பரங்கிப்பேட்டை, அதற்கு முந்தைய மாதம் அதே படை தாக்கித் தோற்றுத் திரும்பிய சிதம்பரம் கோயில் ஆகியவற்றை வழிகாட்டியுடன் ஒரே பகலில் பார்த்துவிடலாம். ஆயினும், மனிதர் மடிந்த இடத்தைக் காட்சிப்பொருளாகக் காண்பது அறமாகுமா என்னும் வினா எஞ்சுகிறது.

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலைக் குறிக்கும் கூத்தனின் அச்சிதம்பரம் கோயில் மதிலே அன்று ஹைதரின் காவற்படைக்கு அரணாயிற்று. சைவ சித்தாந்தம் இறைவனின் அழித்தலைப் பிறவிதோறும் உழன்று களைத்த உயிர்களுக்கு அளிக்கப்படும் இளைப்பாறலாக விளக்குகிறது; படைகள் விளைக்கும் அழிவோ, உயிரின் அறிவை மறைக்கும் மலமாகிய ஆணவத்திலிருந்து எழுவது. இரண்டையும் ஒன்றாக்கிப் போரைத் தெய்வச் செயலென நியாயப்படுத்துதல் பிழையாகும்.

வீழ்ந்த வீரனின் பெயரும் பீடும் பொறித்து நடுகல் எடுத்து வழிபட்டது தமிழ் மரபு; பரங்கிப்பேட்டையில் மாண்ட இருதரப்புச் சிப்பாய்களுள் பெரும்பாலோர்க்கு அத்தகைய கல் வாய்க்கவில்லை. ஆகவே, தளபதிகளின் வெற்றியோடு நின்றுவிடாமல் அச்சிப்பாய்களையும் நினைந்து காண்பதே அறமாகும்.