குறைந்தது எது?

திண்டுக்கல் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் பிறர் தவற்றால் மோதுண்டு, பட்டறையில் செவ்வனே செப்பனிடப்பட்டு, முன்போலவே ஓடுகின்ற ஒரு காரானது, மறுவிற்பனையில் மட்டும் பழைய விலையைப் பெறாதாயின், அங்கே நஷ்டமடைந்தது எது என்னும் வினா, வியாபாரத்தைக் கடந்து தத்துவத்தின் வாயிலில் வந்து நிற்கிறது. வைசேஷிகர் என்னும் இந்தியத் தத்துவ நெறியினர் வகுத்த திரவியம் (பொருள்), குணம் (பண்பு), கர்மம் (செயல்) ஆகியவற்றுள் எதிலும் ஊனம் தென்படவில்லை. ஆயினும் விலை தாழ்ந்தது.

நம் நாட்டு வாகன இன்ஷூரன்ஸ், வயதுக்கேற்ப ஆறு மாதத்திற்குள் 5 சதவிகிதமும் ஐந்தாம் ஆண்டில் 50 சதவிகிதமுமாகத் தேய்மானம் கழித்துக் காப்பீட்டு மதிப்பை நிர்ணயித்து, பழுதுநீக்கும் செலவை ஏற்கிறதாயினும், இவ்விலைத்தாழ்வு போன்ற தொடர்விளைவான நஷ்டத்தை வெளிப்படையாகவே விலக்குகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றமோ, செப்பனிட்ட பின்னும் எஞ்சும் மதிப்பிழப்பு ஈட்டுக்குரியதே என்று 2001-இல் தீர்ப்பளித்தது.

விலை என்பது பொருளில் மட்டும் உறைவதன்று. வாங்குவோரின் விசுவாசத்திலும் உறைவது. அவ்விசுவாசம் குன்றியதும் மெய்யான நஷ்டமே. ஈடு கிடைக்காதவன் விபத்தை மறைத்து முழுவிலை பெறுவானாயின், அவன் நஷ்டத்தை அழிக்கவில்லை. அறியாதவன் தலைமேல் அதனை ஏற்றுகிறான். ஆதலின் உண்மையுரைத்தல் விற்பவனது தர்மம். உண்மையுரைத்தவனை மட்டும் நஷ்டத்தில் நிறுத்தாது, தவறிழைத்தவனிடமிருந்து ஈடு பெற்றுத் தருதல் சட்டத்தின் தர்மம்.