பாதிக் கூலி

போடி ஏலக்கூடத்தில் வியாபாரி ஒரு ஏலக்காயை நகத்தால் பிளந்து, உள்ளே விதை கருத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை போடுவார். காய் கைக்குத் தட்டுப்படுகிறது, எடைச்சீட்டும் இருக்கிறது. நான் விற்றது காய் இல்லை, யோசனை.

ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் எங்கிருந்து ஏறுகிறது, எந்த மருந்தை எப்போது நிறுத்தினால் குறையும் என்று ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக நாலு மாதம் வேலை பார்த்தேன். போடிமெட்டுக்கு மேலே தோட்டம் தோட்டமாகப் போய் மாதிரி எடுத்தோம். அறிக்கை போனதும் பாராட்டி எழுதினார்கள். பில்லுக்குப் பதில் இல்லை. மூன்றாம் முறை கேட்டபோது, எதிர்பார்த்த பயன் இல்லை, பாதித் தொகையோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே வாரம் ஒரு தோட்டக்காரர், அந்த நிறுவனம் தனக்கு அனுப்பிய தாளைக் காட்டினார். நான் போட்ட மருந்துப் பட்டியல், வரிசைகூட மாறாமல் இருந்தது.

உள்ளூர் நிறுவனம் என்றால், பதிவு செய்த சிறுதொழிலுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கும். 45 நாள் தாண்டினால் வட்டியோடு கேட்கலாம். கடல் கடந்தவர்களிடம் அது எடுபடுவது கடினம். நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால், அங்கே கிடைக்கும் தீர்ப்பை 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் நிறைவேற்றக் கோரியிருக்கலாம். என்னிடம் இருந்தது நாலைந்து மின்னஞ்சல்தான்.

"விட்டுத் தள்ளுங்கண்ணே, காசுக்காக எதுக்கு மல்லுக்கட்டணும்" என்றார் நண்பர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. படித்தவன் காசைக் கேட்டு நிற்பது கௌரவக் குறைவு என்றே வளர்ந்திருக்கிறோம்.

மாதிரி எடுக்க என்னோடு வந்த அக்கா, விடியுமுன் போடியில் ஜீப் ஏறுகிறவர். கூலி கொடுத்த அன்று நோட்டை எட்டிப் பார்த்து, "சார், செவ்வாக்கிழமை அரைநாள் எழுதலையே" என்றார். குரலில் கூச்சமும் இல்லை, கோபமும் இல்லை. செடியின் தூரில் குனிந்து காய் பறித்த முதுகுக்கு அந்த அரைநாள் தெரியும். அவர் கூலி, ஜீப் வாடகை, ஆய்வகக் கட்டணம் எல்லாம் என் கையிலிருந்துதான் போனது. நான் பாதிக்கு ஒத்துக்கொண்டால், நாளை இங்கிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் பாதிதான் விலை என்று ஆகிவிடும்.

முழுத் தொகையும் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். வெளிநாட்டு வேலை எடுக்கும் தம்பி, தங்கைகளே, கையெழுத்தான ஒப்பந்தமும் முன்பணமும் இல்லாமல் மலை ஏறாதீர்கள்.